பழைய ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு நாளைச் சொல்லுங்கள்

பழையவானொலி (கும்பகோணம்)

நானே தொடங்கிவைக்கிறேன். ஃபிலிப்ஸ் 9710 ஜோடி. தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: 8 அங்குலம், நடுவில் சின்னக் கூம்பு, மேல்ஸ்தாயியையும் கீழ்ஸ்தாயியையும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் கிடையாது. சவுண்ட் சர்வீஸ் நடத்தி ஓய்ந்த ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்தது. மூன்று மாதம் கணக்குப் போட்டேன். 60 லிட்டர், 18 மி.மீ. பிளைவுட், 40 செ.மீ. அகல முன்பலகை, கீழே காற்றுக்குழாய். எங்கள் தெரு ஆசாரி நான்கே நாளில் முடித்துவிட்டார்.

பின்பலகையை மாட்டுவதற்கு முன்பு கொல்லையில் வைத்து ஒருமுறை ஒலிக்கவிட்டோம். நாதஸ்வரம், காம்போதி. கிணற்றடி வரை நிறைந்தது. ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். ஆலாபனை முடிந்ததும் நான் பின்பலகையை வைத்து 24 திருகுகளையும் முடுக்கினேன். மறுபடி அதே காம்போதி. வாசிப்பவரைப் போர்வையால் மூடியதுபோல் இருந்தது. தவில் எந்தச் சொல்லை வாசித்தாலும் "தொம்" என்ற ஒன்றே வெளியே வந்தது. "தம்பி, மூச்சு முட்டுகிறது. கழற்றிவிடுங்கள்" என்றார் ஆசாரி. "கணக்கு இப்படித்தான் சொல்கிறது" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம், நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேட்டேன். பிறகு ஓர் இரவு கழற்றினேன். மூன்று வருடமாகப் பின்பலகைகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஆசாரி ஜன்னல் வேலைக்கு வருகிற நாட்களில் மட்டும் பலகைக்கு இரண்டு திருகு போட்டு மாட்டிவைக்கிறேன்.

கோவைக்காரன்

உங்களுக்காவது சொல்வதற்கு ஓர் ஆசாரி இருந்தார். நானும் 9710தான் வாங்கினேன், ஒற்றை. முதலில் பெட்டி, தேக்குச் சட்டம் எல்லாம் தயார். மாட்டி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால், கூம்பில் காதை ஒட்டினால்தான் பாட்டு கேட்கிறது. மீட்டரை வைத்தேன். 6 அல்லது 7 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் அறுநூற்றுச் சொச்சம் காட்டியது. சுருள் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

சுருள் அறுந்திருந்தால் மீட்டர் எதையுமே காட்டாது. அது எனக்குத் தெரியும், அன்று தோன்றவில்லை. எடைக்குப் போட்டேன். கடைக்காரர் என் கண்ணெதிரே சட்டத்தைத் தரையில் சாய்த்து வைத்து, சுத்தியலால் இரண்டு அடி கொடுத்துக் காந்தத்தைத் தனியாகப் பிரித்தார். கூம்பு கிழிந்த சத்தம் அப்பளம் நொறுங்குவதுபோல் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் படித்தேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத வால்வு ரேடியோக்களுக்காக ஃபிலிப்ஸ் 800 ஓம் ஸ்பீக்கர் செய்திருக்கிறது. ஜோடி இஎல்86 வால்வுகள் நேரடியாக அதை ஓட்டும். சாதாரண ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் 8 ஓமுக்குக் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்கு வாட்தான் அதற்குக் கிடைக்கும். அது மெதுவாகப் பாடியதில் என்ன குற்றம்?

குடமுழவு (சிவகங்கை)

சிரிக்கக் கூடாது. நான் பானையில் செய்தேன்.

ஃபாஸ்டெக்ஸ் எஃப்இ103, 4 அங்குலம். மானாமதுரையில் சூளைக்கே போய்ப் பானை பார்த்தேன். கடம் கேட்டு வளர்ந்த காது அல்லவா, ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, கணீர் என்று ஒலித்த இரண்டைப் பொறுக்கினேன். மந்தமாக ஒலித்தவற்றை ஒதுக்கினேன். ஸ்பீக்கர் பெட்டிக்கு எது வேண்டுமோ அதை ஒதுக்கிவிட்டு, எது ஆகவே ஆகாதோ அதைக் காசு கொடுத்து, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

வாயில் பிளைவுட் வளையம், சுற்றிலும் எம்-சீல். பாட்டில் குறை தெரியவில்லை. இரவு செய்தி வைத்தேன். ஆண் குரல். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துக் குரலைத் தாழ்த்தும்போது ஒரு குறிப்பிட்ட சுருதி வந்துபோகும். அந்த இடத்தில் பானையும் கூடச் சேர்ந்து "ம்ம்ம்" என்றது. தலைவர்கள் சந்திப்பு, ம்ம்ம். நாளை வானிலை, ம்ம்ம். ஒருமுறை காதில் விழுந்தபின் அதை மட்டும்தான் கேட்க முடிந்தது. என் மனைவி எழுந்துபோய்ச் சமையலறையில் சிரித்தார்.

இலவம்பஞ்சு அடைத்தேன், பாதி குறைந்தது. வெளியே கயிறு சுற்றினேன், கால்வாசி குறைந்தது. இப்போது ஒன்றில் மோர்மிளகாய் இருக்கிறது.

டெசிபெல்

மூவரும் ஒரே தவற்றைத்தான் செய்திருக்கிறீர்கள். ஸ்பீக்கரை அளக்காமல் பெட்டி செய்திருக்கிறீர்கள்.

பழையவானொலி: ஆசாரிக்குக் காது நல்ல காது, ஆனால் பின்பலகையைக் கழற்றினால் அது பெட்டி அல்ல, மடித்த பலகை. கூம்பின் முதுகுப் பக்கத்து ஒலி சுற்றிவந்து முன்பக்கத்து ஒலியைக் கீழ்ஸ்தாயியில் தின்றுவிடும். நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. நீங்கள் போட்ட கணக்கும் தவறாக இருக்காது, அதில் இட்ட எண்கள்தான் தவறு. தீல் என்பவர் ஆஸ்திரேலியாவில் 1961இல் எழுதியதும், ஸ்மால் 1970களில் அதை விரித்ததும்தான் இன்று நாம் போடும் கணக்கு. உங்கள் ஸ்பீக்கர் மாதிரி வரையப்பட்ட காலத்தில் அந்த எண்களே இல்லை. பிற்காலத்தில் யாரோ ஒருவர் தம்முடைய பழைய ஜோடியை அளந்து எழுதிவைத்ததை நீங்கள் எடுத்திருப்பீர்கள். அத்தனை வருடத்தில் உங்களுடையதன் விளிம்பு இறுகியிருக்கலாம், காந்தம் தளர்ந்திருக்கலாம். காந்தம் தளர்ந்தால் க்யூடிஎஸ் (கூம்பின் அதிர்வு எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்பதன் அளவு) ஏறும். குழாய் வைத்த பெட்டிக்கு அது 0.4 அருகில் இருந்தால் சுகம், 0.7 ஆகிவிட்டால் அந்தத் "தொம்"தான் வரும்.

அளப்பது பெரிய வித்தை அல்ல. ஒரு மின்தடை, கணினியிலிருந்து ஒரு ஒலிச் சமிக்ஞை, ஒரு மீட்டர். ஒத்ததிர்வை, அதாவது கூம்பு மிக எளிதாக அதிரும் ஹெர்ட்ஸை, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடை தெரிந்த ஒரு துண்டுக் களிமண்ணைக் கூம்பின் நடுவில் ஒட்டி மறுபடி அளந்தால் விஏஎஸ் (கூம்பின் விறைப்புக்கு ஈடான காற்றின் அளவு, லிட்டரில்) கிடைத்துவிடும். அரை மணி நேர வேலை. இன்னொன்று: 40 செ.மீ. முன்பலகை என்கிறீர்கள். 115 என்ற மாறா எண்ணைப் பலகையின் அகலமான 0.4 மீட்டரால் வகுத்தால் சுமார் 290 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி பின்பக்கமாகவும் பரவத் தொடங்கிக் குரல் மெலியும். அதற்கும் ஒரு சுருளும் மின்தடையும் போட்டிருக்க வேண்டும்.

குடமுழவு: உருண்டை, வெளிப்பக்கத்துக்கு மிக நல்ல வடிவம். ஒலியியல் ஆய்வாளர் ஆல்சன் 1951இல் காட்டியது அது. உள்பக்கத்துக்கு அதுவே கெட்ட வடிவம், எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே தூரம். அதோடு நீங்கள் தேர்ந்தெடுத்த ஓடே பாடும் ஓடு. 25 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), உள்ளே குறுக்குச் சட்டங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

என் அனுபவமா? ஆறு மாதம் ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு மட்டும் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டபோது ஒரு கூம்பு வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது. அவ்வளவுதான்.

மெல்லியசுவர் (சென்னை)

"வேறு எதுவும் வேண்டாம்" என்றதால் எழுதுகிறேன். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ பெட்டியின் சுவர் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட். உள்ளே அதிர்வை விழுங்கும் பட்டைகள். சுவரை இறுக்க இறுக்க அதன் அதிர்வு மேலே ஏறி, காது கூர்மையாக இருக்கும் இடத்தில் போய் உட்காரும். மெல்லிய சுவர் அதிரட்டும், சீக்கிரம் அடங்கட்டும் என்பது அவர்கள் வழி. எம்டிஎஃப் ஒன்றே வேதம் அல்ல. சென்னையில் அது வேதமே அல்ல: 2015 வெள்ளத்தில் என் எம்டிஎஃப் ஜோடியின் அடிப்பாகம் ஊறி ரொட்டிபோல் உப்பியது. பக்கத்திலேயே நின்ற பிளைவுட் பெட்டி காய்ந்து பிழைத்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், அந்த உப்பிய மூலையை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

பழையவானொலி

டெசிபெல் ஐயா, க்யூடிஎஸ் எனக்கும் தெரியும். கேட்டது அனுபவம்.

வளவு (யாழ்ப்பாணம்)

எங்கள் ஒழுங்கையில் ஒரு நாற்சார் வீட்டை (நடுவில் முற்றம் உள்ள பழைய வீடு) இடித்தார்கள். அங்கே கிடைத்த வேப்பமரக் கதவு ஒன்றும், அப்பப்பாவின் போருக்கு முந்திய றேடியோவிலிருந்து கழற்றிய 10 அங்குல ஸ்பீக்கரும் என் முதலீடு. பெட்டியே வேண்டாம், கதவில் வட்டம் வெட்டி நிறுத்திவிடலாம் என்பது திட்டம். நல்ல காய்ந்த வேம்பு, வட்டம் வெட்டவே ஒரு பகல் போனது.

மாட்டினேன். சத்தம் இல்லை. மீட்டரில் 3 ஓம், சுருள் சரி. கூம்பைத் தொட்டால் அசைகிறது. திருகாணி ஒன்று கைதவறிக் காந்தத்தின் மேல் விழுந்து, உருண்டு, நிலத்தில் விழுந்தது. ஒட்டவில்லை! அப்போதுதான் விளங்கியது. அதில் காந்தமே இல்லை, காந்தம் ஆகக்கூடிய சுருள்தான் இருக்கிறது. றேடியோ அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்தச் சுருளே றேடியோவின் மின்வழங்கலில் இரைச்சலையும் வடிகட்டும். எதற்கென்று விளங்காத இரண்டு வயர்கள் இருந்தன. நான்தான் வெட்டி நாடா சுற்றியிருந்தேன்.

மின் வேலை தெரிந்த ஒரு மாமா, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு வழங்கியைக் கொண்டுவந்தார். (தெரியாமல் யாரும் தொடாதீர்கள், நூறு வோல்ட்டுக்கு மேலே போகும்.) பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, கதவு ஊமையாக நின்றது. மாமா குமிழை மெல்லத் திருப்பினார். ஒழுங்கையின் அந்தத் தொங்கலிலிருந்து ஒருவர் பாடிக்கொண்டு நடந்துவருவதுபோல் குரல் வந்தது. படலையடி, முற்றம், பிறகு அறைக்குள். அம்மா கதவுக்குப் பின்னால் போய் ஆளைத் தேடினார்.

இரண்டு மணி நேரத்தில் சுருள் சூடாகிவிடும், நிறுத்த வேண்டும். மாமா வழங்கியைத் திரும்பக் கேட்கிறார். கொடுக்க மனம் வரவில்லை.

தோட்டத்துவீடு (பொள்ளாச்சி)

சின்ன விஷயம்தான். ஒரு பக்கம் பாஸ் குறைந்துகொண்டே வந்தது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், வயரை மாற்றினேன், பெட்டிகளை இடம் மாற்றினேன். குறையும் பெட்டியோடு சேர்ந்தே இடம் மாறியது. மூன்று வாரம். கடைசியில் கூம்பைக் கழற்றலாம் என்று குனிந்தபோது, காற்றுக்குழாய்க்குள்ளிருந்து ஒரு குளவி என் மூக்கருகே பறந்தது. டார்ச் அடித்தால், குழாயின் பாதிக்கு மேல் அடைத்து அழகாக மண் கூடு. அதன் நடுவில் மட்டும் சின்னதாக ஒரு வழி.

நான் பாட்டு வைத்தபோதெல்லாம் அது உள்ளே இருந்து கேட்டிருக்கிறது. இன்னும் கலைக்கவில்லை.

டெசிபெல்

தோட்டத்துவீடு: கலைப்பதற்கு முன்பு அந்த வழியின் குறுக்களவு எத்தனை மி.மீ. என்று அளந்து சொல்லுங்கள். குழாயின் நீளமும் பெட்டியின் லிட்டரும் வேண்டும். பெட்டியின் சுருதி எத்தனை ஹெர்ட்ஸ் இறங்கியது என்று கணக்கிட்டுத் தருகிறேன்.