கற்பனை நாட்டுப் படைகளுக்கு எந்தக் காலத்து வீரர் பொம்மைகள் பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர்கள் நால்வர் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் ஆடும் போர் விளையாட்டுக்காக, வெடிமருந்தையே அறியாத ஒரு கற்பனை நாட்டை நாங்களே உருவாக்கியிருக்கிறோம். அதன் இரு படைகளுக்கும் 1/72 அளவிலான, அதாவது ஆறடி ஆள் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும், வரலாற்று வீரர் பொம்மைகளைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி தேவை.

மேட்டுநிலக் குதிரைப்படைக்கு, 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் வீரர்களை எண்ணியிருக்கிறேன். அவர்களுடைய நீர்த்துளி வடிவக் கேடயம் ஐரோப்பாவைக் காட்டிக்கொடுத்துவிடும், வில்லேந்திய மங்கோலியர்களே பொருந்துவார்கள் என்பது என் தம்பியின் கட்சி.

உண்மையான சிக்கல் கோட்டைப் படையில்தான் இருக்கிறது. எங்கள் ஊர் அகழிக் கோட்டையை மனத்தில் வைத்து உருவாக்கிய நாடு என்பதால், 1678இல் அதைக் கைப்பற்றிய மராத்தியர்களின் சாயலை விரும்பினேன். ஆனால் நான் வாங்கிய பெட்டியில் பாதிப் பேர் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார்கள். ஒருவனுடைய துப்பாக்கியைப் பிளேடால் செதுக்கி எடுத்து, கையில் துளையிட்டுக் குண்டூசியை ஈட்டியாகச் செருகியபோது விரல்கள் முறிந்துவிட்டன (பொம்மையின் விரல்கள்தான்).

முறியாமல் ஆயுதம் மாற்றும் வழி எது? யானைகளுக்கு, பண்டைய வட ஆப்பிரிக்க அரசான கார்த்தேஜின் படையை வாங்கலாமா, அல்லது இந்திய யானைகளைப் போருக்கு நடத்திய, அலெக்சாந்தருக்குப் பின் மேற்கு ஆசியாவை ஆண்ட கிரேக்கச் செலூசியப் படையே நம் யானையின் சிறிய காதுகளோடு கிடைக்குமா? வாங்கிப் பார்த்தவர்கள் படத்துடன் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.