புதுப்பிப்பு: அப்பாவின் பிளேயருக்கு ஹெட்ஃபோன் வாங்கியாயிற்று
அப்பாவின் கையடக்க மியூசிக் பிளேயரில் 250 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) உள்ள ஹெட்ஃபோனை மாட்டினால், ஒலியை முழுதாகக் கூட்டியும் முணுமுணுக்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னது சரிதான், ஹெட்ஃபோனில் பழுதே இல்லை. சிறிய பிளேயர் தரும் மின்னழுத்தம் அத்தனை மின்மறுப்புக்குப் போதவில்லை.

சுங்கை சிப்புட் நகரத்துக் கடைக்கு எங்கள் பிளேயரையே கொண்டுபோய், காதை முழுதும் மூடும் 32 ஓம் வகையைக் கேட்டுப் பார்த்து வாங்கினேன். பாதி ஒலியிலேயே நாகஸ்வரம் நிறைந்து வருகிறது! தவிலின் தொப்பி (கோலால் அடிக்கும் பக்கம்) அடிகூடத் தனியாகக் கேட்கிறது. பின்புறம் திறந்த வகையில் இசை இன்னும் விரிந்து ஒலித்தது, உண்மை. ஆனால் அதில் வெளிச்சத்தமும் உள்ளே வரும்; தோட்டத்து வீட்டின் தகரக் கூரையில் மாலை மழை இறங்கினால் அதில் என்ன கேட்கும்?

நேற்றும் மழைதான். அப்பா கண்மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.