மறு: ஒரே பெயர்கொண்ட இத்தாலியர் பட்டியல் - 'ஒருபெயரர்' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜுசெப்பே என்ற பெயர் கொண்ட இத்தாலியரைப் பட்டியலிடும் பக்கத்துக்கு என்ன தலைப்பு, அதில் இருப்பவர்களை என்ன சொல்லால் அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> இதற்கும் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்றே போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

போடலாம், ஆனால் அந்தப் பக்கத்தின் வேலை வேறு: ஒரே தலைப்புக்குப் பல கட்டுரைகள் பொருந்தினால் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டுவது. பாவ்லோ ரோஸ்ஸி என்று தேடினால் 1982 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்தவரும் வருவார், அறிவியல் வரலாறு எழுதிய பேராசிரியரும் வருவார். முழுப்பெயரே ஒன்று என்பதால் எவர் வேண்டும் என்று வாசகரிடம் கேட்டாக வேண்டும். ஜுசெப்பே பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியைத் தேடிப்போய் இசையமைப்பாளர் வெர்டியிடம் மாட்டிக்கொள்வார் யார்? அரசியல் சிந்தனையாளர் மாட்சீனி, 1801 புத்தாண்டு நாளில் பலேர்மோவில் சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்ட பியாட்சி, எண்களுக்கு அடிகோள் (அடிப்படை விதிகள்) வகுத்த கணிதர் பெயானோ எல்லோரும் ஜுசெப்பேதான். ஒரே பெயர் இட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குடும்பப்பெயர் அல்லாமல் பிள்ளைக்கு இடும் பெயரை என்ன சொல்வது? 'முதற்பெயர்' வேண்டாம், நமக்கு முதலில் வருவது அப்பாவின் தலைப்பெழுத்து. 'இயற்பெயர்' புனைபெயருக்கு எதிராக நிலைத்துவிட்டது. 'இடுபெயர்' போதும். இடுகுறிப்பெயரோடு குழம்பும் என்றார் ஒருவர். இலக்கண வகுப்புக்கு வெளியே அந்தச் சொல்லை யார் எடுக்கிறார்கள்?

சரி, ஒரே இடுபெயர் உள்ளவர்களை என்ன சொல்வது? பழைய கணக்கில் 'பெயரன்'தான் பொருத்தம். தாத்தா பெயரைத் தாங்குபவன் பேரன். இத்தாலியிலும் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பது பழைய வழக்கம். ஆனால் அந்தச் சொல் உறவுமுறைக்குப் போய்விட்டது. 'வெர்டியின் பெயரன் பெயானோ' என்று எழுதினால் குடும்ப மரமே மாறிவிடும்.

'ஒருபெயரர்' என்று போன வாரம் நானே முன்மொழிந்தேன். இப்போது திரும்பப் பெறுகிறேன். ஒரே பெயரால் மட்டும் அறியப்படுபவர் என்றும் அதைப் படிக்கலாம்: தாந்தே, ரஃபாயெல்லோ, மிக்கெலாஞ்செலோ. கடைசி ஆளைப் பாருங்கள். அந்தப் பெயர் சிற்பி புவனரோட்டியோடு ஒட்டிக்கொண்டது; அதே பெயர் இடப்பட்ட ஓவியர் மெரிசியை ஊர்ப்பெயரால் கரவாஜியோ என்கிறோம். ஒருவர் ஒருபெயரர், மற்றவர் அதே பெயர் இருந்தும் ஒருபெயரர் இல்லை! ஆகவே அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுவிட்டு, நமக்கு 'உடன்பெயரர்' வைத்துக்கொள்ளலாம். உடன்பிறந்தார் போல, சொன்னவுடன் புரியும். பட்டியலுக்கு 'உடன்பெயரர் பட்டியல்'.

> ஜுசெப்பேயை யோசேப்பு என்ற தலைப்பின்கீழ் கொண்டுவரலாமா?

ஜுசெப்பே என்பது யோசேப்பின் இத்தாலிய வடிவம்தான், ஆனாலும் கூடாது என்பேன். வெர்டி பிறந்த பார்மா பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அவருடைய பிறப்புப் பதிவில் 'ஜோசப் ஃபோர்த்துனேன் ஃபிரான்சுவா' என்றுதான் இருக்கிறது. அதற்காக அவரை ஜோசப் வெர்டி என்கிறோமா? தமிழில் வேறு யோசேப்பு, சூசை, வளன் என மூன்று வடிவங்கள். எதை எடுப்பது? ஒலிப்படி ஜுசெப்பே, மற்றவற்றிலிருந்து இணைப்பு, போதும்.

'வளன்' என்றதும் நினைவுக்கு வந்தது. தேம்பாவணியில் யோசேப்புக்கு அந்தப் பெயரைத் தந்த வீரமாமுனிவரின் பெயரே காஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. அவரையும் சேர்க்க எனக்கு ஆசைதான். ஆனால் ஜுசெப்பே அவருக்கு இரண்டாவது இடுபெயர். இரண்டாம் பெயரையும் கணக்கில் எடுத்தால் பட்டியல் எங்கே போய் நிற்கும்? இதற்கு ஒரு விதி சொல்லுங்கள், அப்புறம் பக்கத்தைத் தொடங்குகிறேன்.