நீல் பியர்ட் வாசிக்கப் பார்த்தது

2015 ஜூன் மாதம் டொராண்டோவில் ரஷ் என்ற கனடா ராக் பேண்டின் கடைசிச் சுற்றுப்பயண நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அதன் டிரம்மரும் பாடலாசிரியருமான நீல் பியர்ட்டை நேரில் பார்த்தேன் என்றால் அவ்வளவுதான், மேடைக்கும் எனக்கும் நல்ல தூரம். அவரிடம் கைகுலுக்கிப் பேசிய ரசிகர்கள் மிகக் குறைவு. நிகழ்ச்சி முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார், அப்புறம் அடுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிள்தான். திமிர் பிடித்தவர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. முகம் தெரியாதவரை நெடுநாள் காத்திருந்த நண்பனாகப் பாவித்து நடிக்கத் தன்னால் முடியாது என்று 1981-இல் வந்த 'லைம்லைட்' பாட்டிலேயே எழுதிவிட்டார்.

அன்று பாட்டுகளைப் புதியதிலிருந்து பழையதாகப் பின்னோக்கி வாசித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு டிரம்ஸ் கிட்டும் மாறியது, எழுபதுகளில் அவர் வைத்திருந்த மாதிரி இரண்டு பேஸ் டிரம்களோடு. போகப் போக மேடை அலங்காரம் குறைந்து, கடைசியில் பள்ளிக்கூட அரங்கில் நாற்காலிமேல் ஆம்ப்ளிஃபயர் வைத்த கோலத்துக்கு வந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். 1976-இல் டொராண்டோவின் மாஸி ஹால் அரங்கில் இவர்களைப் பார்த்தவராம். டிரம்ஸ் சோலோவின்போது என் தோளைத் தட்டி, "இடது கையைப் பாருங்கள்" என்றார். ஜாஸ் டிரம்மர்களைப் போல உள்ளங்கை மேலே தெரியக் குச்சியைப் பிடித்திருந்தார் பியர்ட். உலகமே தலைசிறந்த ராக் டிரம்மர் என்று கொண்டாடிய பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவனாகப் போய்ப் படித்தது அது. அவருடைய எந்தச் சாதனையையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பாட்டு எழுதும் வேலை அவரிடம் தானாக வந்து சேர்ந்தது. 1974-இல் பேண்டில் சேர்ந்தபோது மற்ற இருவருக்கும் அதில் அவ்வளவு நாட்டமில்லை, புதிதாக வந்தவரோ எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தார். அடுத்த வருடம் வந்த 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பம் சரியாகப் போகவில்லை. சின்னச் சின்னப் பாட்டாகக் கொடுங்கள் என்றது ரெக்கார்டு கம்பெனி. அவர்கள் கொடுத்தது இருபது நிமிடம் ஓடும் '2112'. அதுதான் பேண்டைக் காப்பாற்றியது.

1997-இல் மகள் விபத்தில் போனாள், பத்தே மாதத்தில் மனைவி புற்றுநோயில். குச்சியைக் கீழே வைத்துவிட்டு சுமார் 88,000 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் சுற்றினார். 2002-இல் 'வேப்பர் டிரெய்ல்ஸ்' ஆல்பத்தோடு திரும்பியவர், அதன்பின் 13 வருடம் வாசித்தார். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

அவர் வளர்ந்தது கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் என்ற ஊரில். சிறுவயதில் வேலை பார்த்த லேக்சைட் பார்க் அங்கேதான், அதைப் பற்றியும் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். இப்போது அங்குள்ள மண்டபத்துக்கு அவர் பெயர். நயாகரா போகிறவர்களுக்குப் பக்கம்தான், ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.