தோட்டப் பள்ளியின் உரிமத்தைப் பத்து காவானுக்கு மாற்றலாமா?

பாலத்தடி:
நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பத்து காவான் என்ற ஊருக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. 2014-இல் பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து தொழிற்சாலையும் அடுக்குமாடியும் வந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் எங்கள் ஊர் அடங்கிய செபராங் பிறை மாநகரமும் ஆகிவிட்டது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்னும் நம்மவர்கள் தோட்டத் தொழிலாளராக இருந்த காலத்து இடத்திலேயே நிற்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகள் வருடா வருடம் குறைகிறார்கள். புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் வாங்குவது குதிரைக்கொம்பு. இருக்கும் உரிமத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் நடக்கிற காரியம். மனு கொடுப்போமா?

தோட்டத்துப்பிள்ளை:
கொடுக்காதீர்கள் அண்ணே. அந்த மாதிரிப் பள்ளியில் படித்தவன் நான். தோட்டத்தை விட்டுப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். பள்ளி போனால் அவர்கள் எங்கே போவார்கள்? 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ்க் கல்வி 200 வருடம் தாண்டி நிற்கிறதென்றால், வசதியில்லாதவர்கள் பிள்ளைகளை அனுப்பியதால்தான்.

பாலத்தடி:
உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் 150 பேருக்குக் குறைந்தாலே குறைந்த மாணவர் பள்ளி என்று பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இன்னும் குறைந்தால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் படிக்கும் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் பாடம் நடத்த வேண்டியதுதான். பந்து விளையாட ஒரு குழு சேராது. அந்தப் பிள்ளைக்கும் அது நல்லதா? இடம் மாறிய பள்ளிகளைப் பாருங்கள். பெயரில் 'லாடாங்' (தோட்டம்) இருக்கிறது, சுற்றிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். பள்ளி பிழைத்துக்கொண்டது.

சிம்பாங் அம்பாட் அம்மா:
நீங்கள் இருவரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பத்து காவானில் ஏற்கெனவே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. உங்கள் அடுக்குமாடியில் எத்தனை தமிழ்க் குடும்பம் அங்கே அனுப்புகிறது, சொல்லுங்கள். என் வரிசையில் நாலு வீடு. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சீனப்பள்ளி, ஒன்று மலாய்மொழித் தேசியப் பள்ளி, என் மகன் மட்டும் தமிழ்ப்பள்ளி. யாருக்கும் தமிழ் மேல் வெறுப்பில்லை. அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் வேலை. பள்ளி மதியம் முடிந்துவிடும். அப்புறம் மாலைவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, சோறு போட, வீட்டுப்பாடம் செய்யவைக்க ஆள் வேண்டும். சீனப்பள்ளியைச் சுற்றி அப்படிப்பட்ட பராமரிப்பு நிலையம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நம் பள்ளிக்கு நான் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் என் அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தேன். எல்லோருக்கும் அப்படி அம்மா வர முடியுமா?

இன்னொன்று. 2020 கணக்கெடுப்பில் பினாங்கின் மக்கள்தொகை ஏறக்குறைய 17 லட்சத்து 40 ஆயிரம். ஊர் வளர்கிறது, சரி. ஆனால் வேலைக்கு வருகிறவர்களில் தனி ஆட்கள் நிறைய. நம்மவர்களிடையே பிறப்பு விகிதமும் ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ளத் தேவையான 2.1-க்கு வெகுவாகக் கீழே போய்விட்டது. வீடு கூடினால் பிள்ளை கூடும் என்று கணக்குப் போட்டுப் பள்ளி கட்ட முடியாது.

பாலத்தடி:
அக்கா, பராமரிப்பு நிலையம் பற்றிச் சொன்னது என் வீட்டுக் கதையும்தான். மனுவில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன், பாலர் பள்ளியோடு சேர்த்துக் கேட்போம். ஆனால் பிறப்பு குறைகிறது என்பதால்தான் அவசரப்படுகிறேன். பத்து வருடம் கழித்து மாற்றக் கேட்டால் பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
முதலில் வீடு வீடாகப் போய், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கும் ஆறு வயதுப் பிள்ளைகளை எண்ணுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன். ஆனால் தோட்டத்தில் மிச்சமிருக்கும் பிள்ளைகளின் வேன் காசை ஆறு வருடத்துக்கு யார் கட்டுவார் என்று எழுத்தில் வராமல் அந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன்.