புதுப்பிப்பு: கால்குலஸ் போச்சு, எஃப்-1 பிழைத்தது

அமெரிக்காவில் இளங்கலை முதல் செமஸ்டர், 12 கிரெடிட், அதாவது முழுப் பாடச் சுமை. கால்குலஸ் (கணிதப் பாடம்) விட்டால் 8தான் மிஞ்சும், எஃப்-1 (மாணவர் விசா) நிலை போய்விடுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி, 'டிராப்' பொத்தானைத் தொடாமல் முதலில் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவைப் பார்த்தேன். நல்லவேளை. அவர் அனுமதித்து செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிந்த பிறகுதான் பாடத்தை விட வேண்டும், முந்திக்கொண்டால் விதிமீறல். என் நிலைக்கு மீறிய பாடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்ற காரணத்தில் அனுமதி கிடைத்தது. குறைந்தது 6 கிரெடிட் இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் மறுபடி முழுப் பாடச் சுமை. இளங்கலை முடியும்வரை இந்தக் காரணம் இனி செல்லாது.

எழுந்திருக்கும்போது, "வீடு ஏதும் மாறினீர்களா?" என்றார். மாறி எட்டு நாள்! 10 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது மறந்தே போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து முகவரியை மாற்றினேன்.