ஊரைக் காப்பவரோடு குடும்பம் நடத்துகிறவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தீயணைப்பு வீரரின் மனைவி, மதுரை மாவட்டம்:

போன வாரம் மகனின் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் வீட்டுக்காரர் நிஜமான சூப்பர் ஹீரோ. நீங்கள் கொடுத்து வைத்தவர்" என்றார். அவருடைய வீட்டுக் குளியலறைக்குள் புகுந்த நல்ல பாம்பை என் கணவர்தான் பிடித்தாராம். எனக்கு அது தெரியாது. அவர் வீட்டில் சொல்லவே இல்லை. சிரித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது. ஏன் வந்தது என்று ஒரு வாரமாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு வருடங்கள். நிலையத்துக்குப் பின்புறமே குடியிருப்பு. அங்கே மணி அடித்தால் இங்கே பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் தேய்ந்த பிறகுதான் அடுத்த கவளம். யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை.

தீபாவளி அன்று இந்தத் துறையில் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரே வெடி வெடிக்கும் நாளில் எல்லா வண்டிகளும் தயாராக நிற்க வேண்டும். சித்திரை முதல் நாளும் அப்படித்தான். ஏப்ரல் 14 தீயணைப்புத் துறையில் நீத்தார் நினைவு நாள். 1944ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்துபோனார்கள். ஊர் முழுக்கக் கனி பார்த்து எழும் காலையில் இவர் சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு மலர்வளையம் வைக்கப் போவார். மாங்காய்ப் பச்சடி மதியம்தான்.

2020 தீபாவளியை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு ஜவுளிக் கிடங்கு தீப்பிடித்து, கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொலைக்காட்சியில் அடியில் ஓடிய வரியில் 'இரு வீரர்கள்' என்று இருந்தது. பெயர் இல்லை. இவர் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பெரிய தீ என்றால் சுற்றுப்புற நிலையங்களிலிருந்தும் வண்டி போகும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவர் அப்போது வேறோர் ஊரில் ராக்கெட் விழுந்து எரிந்த வைக்கோல் போரை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மதியம் வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கினார். உயிரோடு வந்துவிட்டார் என்ற நிம்மதிக்கு அடியில் எனக்குக் கோபம் கொதித்தது. அந்த இரண்டு வீடுகளில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்ததும் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை. அப்பா இல்லை. காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. அறுபது அடிக் கிணற்றில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார் என்று. மறுநாள் செய்தித்தாளில் இவர் கயிற்றோடு நிற்கும் படம் வந்தது. விழாவுக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் அந்தப் படத்தை எனக்கே அனுப்பினார்கள். அதன் பிறகு 'நீங்கள் ஏன் வரவில்லை' என்று நான் எந்த வாயால் கேட்பது?

குறை சொல்லவே முடியாத ஒருவரோடு வாழ்கிறவர்கள், உங்கள் மனக்குறையை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? எனக்கு அது தெரிய வேண்டும்.

மின்வாரிய ஊழியரின் மனைவி, சேலம் மாவட்டம்:

சகோதரி, என் வீட்டுக்காரர் கம்பம் ஏறுகிறவர். அவரை யாரும் ஹீரோ என்று சொன்னதில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "இன்னுமா வரவில்லை?" என்று என்னிடம் கேட்பார்கள். அந்த மழையில் அவர் எந்தக் கம்பத்தின் மேல் இருக்கிறார் என்று நான் யாரிடம் கேட்பேன்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை அழைத்துக்கொண்டார்கள். இவர் ஒரு பை, இரண்டு கைலி, கையுறை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். இருபத்து மூன்று நாட்கள். அங்கே கைப்பேசிக் கோபுரங்களும் விழுந்து கிடந்ததால் முதல் ஐந்து நாட்கள் ஒரு வார்த்தை இல்லை.

என் பயம் புயல் அல்ல. கம்பத்தில் ஏறும் முன் எல்.சி. வாங்குவார்கள். அதாவது அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணைமின் நிலையத்திலிருந்து உறுதி கிடைத்த பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். அங்கே நிறுத்தியிருந்தாலும், ஏதோ ஒரு வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், மின்சாரம் பின்வழியாகக் கம்பிக்குத் திரும்பி வந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறும்போது அது பல மடங்கு உயர்ந்துவிடும். தான் ஒரு ஆளைக் கொல்லப் போகிறோம் என்று அந்த வீட்டாருக்குத் தெரியாது. இதைப் படிப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஜெனரேட்டர் வைத்திருந்தால் மாற்றுச் சுவிட்சு போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் மெயினை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். மேலே என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் "எல்.சி. வாங்கினீர்களா? எர்த் போட்டீர்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "நீ என்ன எனக்கு மேலதிகாரியா?" என்று எரிந்து விழுவார். நான் கேட்பதை நிறுத்தவில்லை. என் மனக்குறையை அந்தக் கேள்வியில்தான் வைத்திருக்கிறேன் என்று உங்கள் பதிவைப் படித்ததும் தோன்றியது.

வேதாரண்யத்திலிருந்து வந்த அன்று, கூரையே இல்லாத ஒரு வீட்டில் ஒரு பாட்டி இவர்கள் ஆறு பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததைச் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை. அவருடைய கண்ணீர் அந்தக் கஞ்சிக்குக் கிடைத்தது.

செவிலியரின் கணவர், சென்னை:

மனைவிமார்கள் பேசும் இடத்தில் ஒரு கணவன் எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவி அரசு மருத்துவமனைச் செவிலியர்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு எங்கள் தெருவில் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் வீட்டைப் பார்த்தே தட்டினார்கள். நாலு வயது மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் தட்டினேன், பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் அதே தெருவில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். வீட்டு உரிமையாளர், "கொஞ்ச நாள் வேறு எங்காவது தங்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு எண்பது வயதில் தாயார் இருந்தார்.

அவள் ஒரு வாரம் வேலை பார்ப்பாள், அடுத்த வாரம் தனியே தங்க வேண்டும். இரண்டும் வீட்டுக்கு வெளியேதான். முழுக் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். போட்டதைக் கழற்றினால் மறுபடி போட முடியாது. ஒரு நாள் மகனைப் பார்க்கத் தெருமுனையில் வந்து நின்றாள். முகக்கவசம் அழுத்திய தழும்பு மூக்கின் இருபுறமும் காய்ந்திருந்தது. மகன் கேட்டைப் பிடித்து உலுக்கினான். அவள் கிட்டே வரவில்லை, கையை மட்டும் அசைத்தாள். அன்று இரவு தொலைபேசியில் நான் சொன்னேன்: "பெற்ற பிள்ளையை விட அந்த வார்டு பெரிதா? வேலையை விட்டுவிடு."

அவள் பதில் சொல்லவில்லை. "நாளைக்கு அவனுக்கு முட்டை வேக வைத்துக் கொடுங்கள்" என்று வைத்துவிட்டாள். ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது, அந்த வாக்கியத்தை நான் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று பயந்து நாட்களைக் கடத்துகிறேன்.

சின்ன வயதில் மாயாவி சித்திரக்கதைப் பைத்தியம் நான். ஆங்கிலத்தில் ஃபேண்டம் என்ற முகமூடி வீரர் மாயாவி 1936இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தோன்றியவர். காதலி டயானாவை அவர் மணந்தது 1977இல்தான். நாற்பது ஆண்டுகள் அந்தப் பெண் காத்திருந்திருக்கிறாள். ஸ்பைடர்மேன் கதையில் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கல்யாணம் செய்து வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று கதையையே மாற்றிவிட்டார்கள். சுவர் ஏறுவதையும் வில்லனை அடிப்பதையும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் எழுத முடிந்தவர்களுக்கு, இரவு வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன பேசுவான் என்பதை எழுதுவது கடினமாக இருந்திருக்கிறது. எங்களுக்கும் அதுதானே கடினமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரரின் மனைவி, தஞ்சாவூர் மாவட்டம்:

மகளே, உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் போன நாள். என் கணவர் அன்று அங்கே போனவர்களில் ஒருவர். எங்கள் சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது. திரும்பி வந்தவர் அவளைத் தொடவில்லை. "அப்பா தூக்கு" என்று கையை நீட்டுவாள், இவர் தண்ணீர் எடுக்கப் போவது போல் எழுந்து போய்விடுவார். மூன்று மாதம் இப்படி. பெண் குழந்தை என்று பாசம் குறைந்துவிட்டதா என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டேன். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

அடுத்த வருடம் அதே நாளில் மதியம் சாப்பாடு வேண்டாம் என்றார். ஆடி பிறக்கும் சமயம், ஏதோ அம்மனுக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் வேண்டுதல் பலிக்காது என்பார்களே, அதனால் கேட்கவில்லை. கணவர் விரதம் இருக்க நான் மட்டும் சாப்பிடுவதா என்று நானும் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் இருந்தேன். மாலையில் விளக்கேற்றி, குடும்பம் நன்றாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு விரதத்தை முடிப்பேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பதினைந்து வருடம் கழித்து, அவர் ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். இவர் வகுப்பறைக்குள் போகாமல் மேலே அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு மாடிப்படி எத்தனை இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று அங்கிருந்த ஆசிரியையிடம் கேட்டார். கும்பகோணத்தில் ஓலைக் கொட்டகை போட்ட மேல்மாடியில்தான் குழந்தைகள் மாட்டிக்கொண்டார்கள், ஒடுங்கிய படிக்கட்டு. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார். எல்லாவற்றையும் அல்ல. யாருக்காக அந்த மதியச் சாப்பாடு வேண்டாம் என்பதை மட்டும்.

இத்தனை வருடம் யாருக்காக என்று தெரியாமலே அவரோடு பட்டினி கிடந்திருக்கிறேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த வருடம் விளக்கேற்றியபோது என் பிள்ளைகளுக்காக வேண்டவில்லை.

நாங்கள் அந்தக் காலத்து மனிதர்கள், கேட்காமலே இருந்துவிட்டோம். நீ அவ்வளவு காலம் காத்திருக்காதே. மணி அடிக்கும் நேரத்தில் கேட்காதே, வந்து இறங்கிய உடனேயும் கேட்காதே. குளித்துச் சாப்பிட்டு ஒரு நாள் போகட்டும், பிறகு கேள். "ஏன் வரவில்லை" என்று தொடங்கினால் அவர்கள் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். "அங்கே என்ன நடந்தது" என்று கேள்.

தொடக்கப் பதிவை எழுதியவர்:

அம்மா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். சென்னைச் சகோதரரே, நாளைக்கே உங்கள் மனைவியிடம் பேசுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சேலம் சகோதரி, எல்.சி. பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நேற்று இவருக்கு ஓய்வு நாள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, காதுகுத்து அன்று அந்தக் கிணற்றில் என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் "ஒன்றுமில்லை, வழக்கம்போலத்தான்" என்றார். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். பாழடைந்த கிணறு. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்களாம், அணைந்தால் கீழே மூச்சுக்காற்று இல்லை என்று அர்த்தம். அணையவில்லை. இவர் இறங்கினார். பெரியவருக்கு இடுப்பு முறிந்து இடுப்பளவு சேற்றில் கிடந்தார். வலை வந்து சேரும்வரை இவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவர் மயங்கிவிடாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல், இன்று என் மகளுக்குக் காது குத்துகிறோம் என்று தொடங்கினாராம். யார் யார் வந்திருப்பார்கள், மச்சான் என்ன தோடு வாங்கி வந்திருக்கிறார், அவள் அழுவாளா மாட்டாளா, நான் என்ன நிறப் புடவை கட்டியிருப்பேன் என்பதுவரை சொல்லியிருக்கிறார். முக்கால் மணி நேரம்.

மேலே கொண்டுவந்து படுக்க வைத்ததும் அந்தப் பெரியவர் இவர் கையை விடாமல் கேட்டாராம்: "மணி என்ன தம்பி? குத்தி முடித்திருப்பார்களா?"